தண்ணீர்த்தொட்டி மேடு

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் அவளைப் போல் பொறுமைசாலி கிடையாது. ஒரு கடைவாய்ப்பல் சரியாக உட்கார வேண்டுமென்றால் மயிரிழை மயிரிழையாக அரை மணி நேரம் ராவுவாள். அதே மனுஷி ஷூ நாடாவை முடிந்துவிட்டால் போதும், பொறுமையெல்லாம் காற்றில் பறந்துவிடும். பதினெட்டு வருஷமாக ஓடுகிறவள். முன்னால் யாராவது ஓடினால் அவரைத் தாண்டாமல் அவளுக்கு மனசு ஆறாது.

அந்த அவசரம்தான் வலது முட்டியைப் பதம் பார்த்தது. "இன்னொரு தடவை வீங்கிச்சுன்னா ஓட்டத்தை மறந்துடுங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வாரத்தில் இரண்டு நாள், பத்துப் பத்து நிமிஷம் ஓடலாம். மற்ற நாட்களில் நீச்சலும் சைக்கிளும். இவள் சும்மா இருப்பாளா? நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்கே பெயர் கொடுத்துவிட்டாள்.

நீச்சல் ஒரு மாதிரி வந்துவிட்டது. சைக்கிள்தான் மானத்தை வாங்கியது. போட்டிப் பாதை முழுக்க ஏற்ற இறக்கம் என்பதால், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தண்ணீர்த்தொட்டி மேட்டில் பழகினாள். துணைக்கு நாத்தனார். டவுன் பஸ் ஓட்டுகிறவள், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள்.

மேட்டின் கடைசி வளைவில் சைக்கிள் நத்தையாக ஊரத் தொடங்கியதும் இவள் என்ன செய்வாள் தெரியுமா? பொத்தென்று குதித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடுவாள்! ஓட்டக்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடிய கிறுக்குத்தனம். நாத்தனாருக்கு முன்னால் உச்சிக்குப் போய் இடுப்பில் கைவைத்து வேறு நிற்பாள். மூன்றாவது வாரம் முட்டி சூடு கண்டது. மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினாள். உள்ளுக்குள் ஆடிப்போய்விட்டாள். கணவருக்குத் தெரியாமல் ஐஸ் பை வைத்தாள். ஆனால் நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"ஓட்டத்தைக் காப்பாத்தத்தானே அண்ணி சைக்கிள் வாங்கினீங்க? இப்போ அதை வச்சே முட்டியை ஒழிச்சுக்கட்டுறீங்க."

"அவ்வளவு மெதுவா போக வெக்கமா இருக்குடி."

"நாற்பது பேரை ஏத்திக்கிட்டு நான் அதே மேட்டுல மெதுவாத்தான் போறேன். என்னைக்காவது இறங்கித் தள்ளியிருக்கேனா? மேடு வர்றதுக்கு முன்னாடியே கியரைக் குறைங்க. பல்லை ராவுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மிதிங்க."

முட்டி ஆறப் பத்து நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் மறுபடி கிளம்பினார்கள். அடிவாரத்திலேயே கியரைக் குறைத்தாள். கால் சுற்றிக்கொண்டே இருந்தது, சைக்கிள்தான் நகர்வேனா என்றது. கடைசி வளைவில் பின்னால் காலடிச் சத்தம். அவளுடைய ஓட்டக் குழுவில் அவளை ஒருநாளும் ஜெயிக்காத தையல்காரர், மூச்சிரைக்கப் பக்கத்தில் ஓடி வந்தார்.

"என்னம்மா, பஞ்சரா?"

கேட்டுவிட்டுத் தாண்டியும் போய்விட்டார். அவளுக்குக் காது சிவந்தது. வலது கால் தானாகவே குதிக்கப் பார்த்தது. முட்டியை நினைத்துக்கொண்டு கைப்பிடியை இறுக்கினாள். தையல்காரரின் முதுகு வளைவில் மறைந்தது. அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

உச்சியில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. ஷூவை மாற்றிக்கொண்டு, தொட்டியைச் சுற்றிப் போகும் சமதளச் சாலையில் டாக்டர் கொடுத்த பத்து நிமிஷத்தை ஓடத் தொடங்கினாள். நாத்தனார் சைக்கிளில் கூடவே வந்து நேரம் பார்த்தாள். முட்டி ஒரு வார்த்தை முனகவில்லை.

அப்போது முன்னால் தெரிந்தார் தையல்காரர். இருபதடி தூரம்தான், தள்ளாடிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே நிமிஷத்தில் பிடித்துவிடலாம்.

"அண்ணி, பத்து நிமிஷம் ஆச்சு!"

அவள் நின்றாள். ஒருவர் சொல்லி அவள் நின்றது அதுவே முதல் தடவை. நாத்தனாரே நம்பாமல் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போகட்டும்டி," என்றாள் அவள், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "எனக்குப் புதன்கிழமை இன்னொரு பத்து நிமிஷம் இருக்கு."