மாமி கூப்பிட்டால் காதில் விழுமா?

தேவிப்ரியாவுக்குப் பொய் சொல்ல வராது. கடையில் நிற்கிறவளுக்கு இதைவிடப் பெரிய கோளாறு கிடையாது. கொல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு ஷாப்பிங் மாலின் இரண்டாம் மாடியில், கண்ணில் மாட்டிக்கொண்டால் வேறு உலகத்தைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட் விற்பது அவள் வேலை. புது மாடல் வந்ததிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை. இந்த ஞாயிறுக்குள் ஒன்றாவது விற்காவிட்டால் வாஷிங் மெஷின் புகார் ஃபோனுக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஃபோனில் உட்கார்ந்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

அன்றுதான் ஞாயிறு.

கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேல் போடலாமா? போடலாம். கம்ப்யூட்டர் வேண்டுமா? வேண்டாம். தலை சுற்றுமா? சிலருக்குச் சுற்றும் என்பாள், ஆள் நழுவிவிடுவார். டிசம்பர் குளிருக்கு மங்கி கேப்பில் புகுந்திருந்த வங்காளிப் பெரியவர், அதைக் கழற்றாமலே மாட்ட முடியுமா என்றார். இன்னொருவர் இதில் மீன் சந்தை தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றதும், "செவுளைத் தூக்கிப் பார்க்க முடியுமா?" முடியாது. "அப்புறம் எதை நம்பி வாங்குவது?" என்று கோபித்துக்கொண்டு போனார். மீனையா, ஹெட்செட்டையா என்று சொல்லவில்லை.

சாயங்காலம் தமிழில் சண்டை போட்டுக்கொண்டே ஒரு தம்பதி வந்தார்கள். கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் ஓய்வுபெற்ற லக்ஷ்மிநாராயணன், அவர் மனைவி காமு.

"வாங்க மாமா, வாங்க மாமி!" தாய்மொழி காதில் விழுந்ததும் தேவிப்ரியாவுக்குத் தெம்பு வந்தது.

மாமா மாட்டிக்கொண்டார். உள்ளே பனிமலை. ஸ்வெட்டர் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். "காமு, இதை வாங்கிண்டுதான் ஆத்துக்கு வருவேன்."

"ஏம்மா," மாமி குனிந்தாள், "இதை மாட்டிண்டிருக்கச்சே நான் கூப்பிட்டா இவருக்குக் கேக்குமோ?"

மலைமேல் நின்றபடியே மாமாவும் காதை இந்தப் பக்கம் திருப்பினார். கேட்கும் என்றால் மாமா வாங்கமாட்டார். கேட்காது என்றால் மாமி விடமாட்டாள்.

"அது... சத்தம் எவ்வளவு வெக்கறோம்ங்கறதைப் பொறுத்தது மாமி."

"மழுப்பாதே. கேக்குமா, கேக்காதா?"

"கேக்கும்."

மாமா உடனே கழற்றினார். "எனக்குத் தலை சுத்தறது."

"எங்கிட்டே குடுங்கோ, பாக்கலாம்." மாமி மாட்டிக்கொண்டாள். தேவிப்ரியா கடற்கரையை வைத்தாள்.

"காமு, போலாமா?" பதில் இல்லை. "காமு, காப்பி?" ஊஹூம். "காமு, உங்கண்ணா ஃபோன்ல!"

மாமி புன்னகையோடு ஓர் அலையைத் தாண்டினாள்.

"கேக்கும்னியே அம்மா?" என்றார் மாமா.

தேவிப்ரியா ஹெட்செட்டை இயக்கக் கையில் வைத்திருந்த டேப்லெட்டின் திரையைப் பார்த்தாள். சத்தம் பூஜ்யத்தில் இருந்தது. சொல்ல வாயெடுத்தாள். கண் மறைந்திருந்தும் மாமியின் கை நேராக வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. பேசாமல் இருப்பது பொய்யில் சேராது என்று தேவிப்ரியா அந்த நிமிஷத்தில் முடிவு செய்தாள்.

மாமி கழற்றினாள். "ஒண்ணுமே காதுல விழலை. பில் போடும்மா, எனக்கு."

"அப்போ எனக்கு?"

"உங்களுக்குத்தான் தலை சுத்தறதே!"

மாமா தாடையைத் தடவினார். "இதுல சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ரெண்டு மணி நேரம் மாமா."

"ரெண்டு மணி நேரம் இவ இப்படியேவா இருப்பா?"

பதிலுக்குக் காத்திராமல் மாமா கார்டை எடுத்து நீட்டினார்.