கீசர் மாற்றிய மாதம்

பேட்டை வீட்டில் கீசரின் தொட்டி ஓட்டையாகி, ஒரு காலை குளியலறைத் தரையெல்லாம் துருத்தண்ணீர் நின்றது. இடுப்பெலும்பு முறிந்து தேறிக்கொண்டிருந்த மாமிக்கு, என் கணவரின் உம்மாவுக்கு, வெந்நீர் இல்லாமல் முடியாது. அன்றிலிருந்து அடுப்பில் காய்ச்சி, வாளி வாளியாக நான்தான் சுமந்தேன்.

பிளம்பர் வந்து பார்த்தார். "இத ஒட்டவைக்க முடியாதுக்கா. போர் தண்ணி அரிச்சிட்டு. புதுசுதான் மாட்டணும்" என்றார். செலவு கீசர் விலையோடு நிற்கவில்லை. சுவருக்குள் இருந்த குழாயும் போயிருந்தது. சுவரை உடைத்து, குழாயை மாற்றி, மறுபடி டைல்ஸ் ஒட்ட வேண்டும். வயரும் கருகிக் கிடந்தது.

ரியாத்தில் வேலை பார்க்கும் கணவருக்கு போன் போட்டுச் சொன்னேன். மொத்தச் செலவையும் கேட்டுக்கொண்டார்.

"செஞ்சிரு. உம்மா பச்சத்தண்ணில குளிக்கக் கூடாது. டிக்கெட்டுக்கு வச்சிருந்த ரூவாய அனுப்புதேன்."

"அப்பம் நோம்புப் பெருநாளுக்கு வரலியா? ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

"ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பாப்போம்."

சரி என்றேன். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவர் வரமாட்டார் என்று மாமியிடம் சொல்லவில்லை.

வேலை முடிய ஒரு வாரம் ஆனது. சிமெண்டுத் தூசியைக் கழுவிக் கழுவிக் கை வலித்தது. புது கீசர் ஓடிய முதல் நாள் மாமியைக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்துக் குழாயைத் திறந்தேன். சூடு பட்டதும் மாமிக்கு முகம் மலர்ந்தது.

"மவன் பெருநாளுக்கு வந்தா அவனுக்கும் இதமா இருக்கும், என்ன?"

"ஆமா மாமி" என்று சொல்லி, முதுகில் சோப்புப் போட்டேன்.