டேப்பு வாங்கிய பட்டம்

மின்விசிறி தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவது அவர் வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் டேப்பு. பதினான்கு வருஷமாக ஒட்டுகிறார். ஒரு பெட்டியிலும் சுருக்கம் விழுந்ததில்லை. ஆனாலும் வேலை நிரந்தரமாகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயரை நீக்கிவிட்டு, மறுநாள் புது ஆள்போலச் சேர்த்துக்கொள்வார்கள். இடையில் வரும் அந்த ஒரு நாளுக்கு ‘பிரேக்’ என்று பெயர். முதல்நாள் மாலையே அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டையை வாசலில் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். நிரந்தரக்காரர்களுக்கு நீலப் பட்டை, பெயரோடு. இவருடையது பச்சை. அதில் பெயர் கிடையாது. ஓர் எண்ணும் ‘கேஷுவல்’ என்ற வார்த்தையும் மட்டும்.

மாடி வீட்டில் குடியிருந்த மைத்துனன் செல்போன் பழுதுபார்ப்பவன். நான்கு பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி கேமில் ஓர் ஆள் குறைந்தபோது, மாமாவைப் பிடித்து இழுத்துப் போட்டான். முதல் நாள் டேப்பு பதினொரு நிமிஷம் ஒரு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சுடவும் வரவில்லை. ஆனால் அடிபட்டு விழுந்தவனை விட்டு நகரமாட்டார். குண்டு பறந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுப் போட்டுவிட்டுத்தான் எழுவார். சாயங்காலம் ஏழு மணி என்றால் ஆறு ஐம்பதுக்கே மாடியில் ஆஜர்.

இப்படி எட்டு மாதம் போயிற்று. இருபத்தெட்டாவது பிரேக் அன்று அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, குழுவின் வாட்ஸப்பில் மைத்துனன் ஒரு பட்டியல் போட்டான். போட்டி ஒன்று வருகிறதாம். யார் எந்த வகை ஆட்டக்காரர் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தனக்கு ‘ப்ரோ’ என்று போட்டுக்கொண்டிருந்தான். யோசிக்காமல் பாயும் தண்ணீர் லாரி டிரைவர் ‘ரஷர்’. மூலையில் பதுங்கிக் காத்திருக்கும் பல் ஆஸ்பத்திரி வரவேற்பாளர் பெண் ‘கேம்பர்’. நான்காவதாக, டேப்பு: ‘கேஷுவல்’.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்று ஏழு மணிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மைத்துனன் இறங்கி வந்தான்.

“என்ன மாமா, ரேஜ் க்விட்டா?”

“அப்படின்னா?”

“கோவத்துல ஆட்டத்த விட்டுட்டு ஓடுறது.”

“உங்கிட்ட எதுக்குத்தான் பேரு இல்ல? போ மாப்ளே, வேல கெடக்கு.”

மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “டேய், கதவுக்குப் பின்னாடி ஆணில என்ன தொங்குதுன்னு பாரு.”

அவன் பட்டையைத் திருப்பிப் படித்தான். முகம் மாறியது.

“அக்கா, இது வேற அது வேற. கேம்ல கேஷுவல்னா டென்ஷன் இல்லாம ஜாலியா ஆடுறவர்.”

“எங்க வீட்டுல பதினாலு வருஷமா அதுக்கு ஒரே அர்த்தந்தான்டா. ஜாலியாம்ல.”

டேப்பு துணியைக் கீழே வைத்தார். “இந்த ரெண்டு மூணு நாள விடு. எட்டு மாசத்துல நான் எத்தன நாள் வரல?”

“ஒரு நாள் மாமா.”

“அதுவும் உங்கக்காவுக்குக் காய்ச்சல்.”

“ஆமா.”

“அப்புறம் எப்படிடா நான் கேஷுவல்?”

அவன் போனை எடுத்துப் பட்டியலில் அந்த வார்த்தையை அழித்தான். அழித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ப்ரோன்னு போட்டா எவனும் நம்பமாட்டான் மாமா.”

“போடாத. நான் சுட்டதுல பாதி சுவத்துலதான் இருக்கு.”

அவன் மெல்லத் தட்டினான்: ‘பெர்மனென்ட்’. பட்டியலை மறுபடி குழுவில் போட்டான்.

அடுத்த நிமிஷமே லாரி டிரைவர் கேட்டிருந்தார்: “இது என்ன புது வகை? எந்த கேம்ல இருக்கு?”

“நம்ம டீம்ல மட்டும்” என்று அனுப்பினான்.

“அப்ப அண்ணனுக்கு லீவே கெடையாது” என்று எழுதினாள் வரவேற்பாளர் பெண்.

டேப்பு தன் போனில் எல்லாவற்றையும் படித்தார். பட்டியலை மட்டும் இன்னொரு தடவை படித்தார். பிறகு போனை சார்ஜில் போட்டார்.

போட்டியில் முதல் சுற்றிலேயே, ஒன்பது நிமிஷத்தில் தோற்றார்கள். பட்டியலை யாரும் மாற்றவில்லை. இருபத்தொன்பதாவது பிரேக் வந்தபோது கதவுக்குப் பின்னால் ஆணி காலியாக இருந்தது. டேப்பு ஆறு ஐம்பதுக்கு மாடியேறினார்.