கிணற்றடி மண்ணின் மணம்

பிள்ளையள், நோர்வேயில் நான் போத்தல் கழுவுகிற ஆய்வுகூடத்தில் எதையும் மணந்து பார்க்கக்கூடாது என்பது சட்டம். மணம் தானாக வந்தால் என்ன செய்கிறது? வெளியில் பனி கொட்ட, ஒரு குடுவையிலிருந்து புகைபோட்ட புகையிலையும் நனைந்த சாக்கும் சேர்ந்த மணம் வந்தது. உங்கடை பெரியப்பா, என்ரை அண்ணை, மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தோட்டத்தால் வருகிற மணம்.

அங்கே இங்ரிட் என்றொரு பெண் வெப்பநாட்டு மண்ணில் பூஞ்சணம் தேடுகிறாள். அவள் எடுத்துத் தந்த அனுமதியோடு, முன்னொருமுறை ஊருக்கு வந்தபோது, தெல்லிப்பழையில் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடி மண்ணை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஒரு பூஞ்சணம் முளைத்தது. பூஞ்சணத்துக்குள் நொதியம் என்று ஒன்று இருக்கிறது, சின்னத் தொழிற்சாலை மாதிரி. அதின்ரை பாதியை, அவர்களின் பைன் காட்டுப் பூஞ்சணத்து நொதியத்தின் பாதியோடு பொருத்தினார்கள். மாங்கன்று ஒட்டுகிற மாதிரித்தான். ஆனால் ஒட்டுமாவில் மாங்காய்தான் காய்க்கும். இதிலோ உலகத்தில் இல்லாத ஒரு பொருள் வந்தது. மருந்தாகலாமாம். அந்தக் குடுவையில் இருந்தது அதுதான்.

“இதை இதுவரை எந்த மனிதரும் மணந்ததில்லை” என்றாள் இங்ரிட்.

“எனக்குத் தெரியும். இது என் அண்ணன்” என்றேன்.

அவரும் ஆய்வுகூடத்திலா வேலை என்று கேட்டுச் சிரித்தாள். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஷெல்லடிக்கு ஊரே எழும்பி ஓடினபோது, மாட்டை அவிட்டுவிட்டு வாறன் என்று திரும்பிப் போனவர் அண்ணை. மாடு மட்டும் நாங்கள் ஓடிவந்து தங்கின உரும்பிராய்க்கு வந்து சேர்ந்தது. கழுத்தில் கயிறு முழுதாய்க் கிடந்தது, அறுந்த கயிறில்லை. பிறகு காணி நெடுங்காலம் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்துதான் திரும்பக் கிடைத்தது. உடல் கிடைக்கவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் செய்யவில்லை. ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கையில், அப்பாவின் பெயரோடு கையை மடக்கிவிடுவேன். அண்ணையின் பெயரைச் சொன்னால் அவர் செத்தவராகிவிடுவார் அல்லவா?

இந்தமுறை உரும்பிராயில் உங்கடை பெரியம்மா தேத்தண்ணி தந்தா. நெற்றியில் அதே குங்குமம்.

“நீ கொண்டுபோன மண்ணிலை என்னத்தைக் கண்டவை, தம்பி?”

“பூஞ்சணம், அண்ணி.”

“அது எதைத் திண்டு வளருமாம்?”

மண்ணுக்குள் உக்கினதை எல்லாம் என்றேன். சொன்ன பிறகுதான் கேள்வி விளங்கியது. அவ கண்ணாடிக்கு முன்னால் போய், நேராய் இருந்த பொட்டை இன்னொருக்கால் நேராக்கினா.

“மாட்டை அவிட்டவருக்கு வழி தெரியாமலே போகும்? வருவார்” என்றா.

மணத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. நீங்களும் அவவோடு கதைக்கும்போது சொல்லிப்போடாதேங்கோ.

பின்னேரம் தனியத் தெல்லிப்பழைக்குப் போனேன். தூர்ந்த கிணற்றடியில் குனிந்து மணந்து பார்த்தேன். வெறும் மண் மணம். அண்ணையின் மணம் அங்கே இல்லை. உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் விட்டு அப்பாவின் பெயரைச் சொன்னேன். கையை மடக்கவில்லை. அண்ணையின் பெயரையும் மெல்லச் சொன்னேன். பிறகு மிச்ச எள்ளை லேஞ்சித் துணியில் முடிந்து, நோர்வேக்குப் போட்டுப்போகிற குளிர்க்கோட்டின் பைக்குள் வைத்தேன்.