படத்தில் அம்மா நின்ற இடம்

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று தன்னிடமுள்ள பழைய படங்களை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அதில் ஒன்றை என் மகள் கைப்பேசியில் காட்டினாள்.

"அம்மா, இது ஒங்க எஸ்டேட்டு பேருதானே?"

எங்கள் ரப்பர் தோட்டம்தான். மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் ஆடு வெட்டி எல்லா லயத்து வீடுகளுக்கும் சேர்த்துச் சோறு போடுவார்கள். அந்தக் கூட்டத்தை யாரோ வெள்ளைக்காரர் படம் பிடித்திருக்கிறார். அடியில் போட்டிருந்த வருடம் நான் பிறந்த வருடம். அப்படியென்றால் அம்மா இதில் இருக்க வேண்டும்.

அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. நான் நடை பழகுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளைப் பிடித்த ஒரே படம் அவளுடைய ஐசி அடையாள அட்டையில் இருந்தது. ஆள் இறந்தால் ஐசியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும் என்றார்களாம். அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பிறகு கேட்கும்போதெல்லாம், "ஒங்கம்மா நல்ல செவப்பு" என்பார். கறுப்பு வெள்ளைப் படத்தில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடையாளம் சொல்ல மிச்சமிருப்பவர் அப்பாவின் தங்கை மட்டும்தான். சுங்கைப் பட்டாணியில் மகன் வீட்டில் இருக்கிறார். படத்தைப் பெரிதாக அச்செடுத்து, கசங்காமல் அட்டைக்குள் வைத்து, மழை வந்தால் என்னாவது என்று பிளாஸ்டிக் பையும் சுற்றிக்கொண்டு போனேன். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எதற்கெடுத்தாலும் பயம் கூடவே வரும். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாவிட்டால்? அதைவிட, என்மேல் பாவப்பட்டு ஏதோ ஒரு முகத்தைக் காட்டிவிட்டால்? சாகும்வரை அதையல்லவா கும்பிட்டுக்கொண்டிருப்பேன்!

அத்தை படத்தை மூக்குவரை கொண்டுபோனார். உடனே சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தா, முன்னால குந்தியிருக்கான் பாரு, கறி வேகறதுக்குள்ள எலயப் போட்டு ஒக்காந்துருவான், பேராசக்காரன்! இது நானு. பல்லு விழுந்து இளிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

"அம்மா எங்க அத்த?"

"இரு லா. எங்கயாச்சும் ஓடிப் போவப் போறாளா?"

அவர் விரல் பெண்கள் வரிசையில் மெதுவாக நகர்ந்தது. எனக்குள் நானே ஒருத்தியைத் தேர்ந்து வைத்திருந்தேன். உயரமாக, தலையில் பூவோடு, கொஞ்சம் வெட்கத்தோடு நிற்பவள். விரல் அவளிடம் நிற்காமல் கடந்து போயிற்று.

"ஒங்கம்மா மொகம் இதுல இல்லடி."

படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அத்தை விடவில்லை.

"நீ வயித்துல இருந்த. புள்ளத்தாச்சிய போட்டோ புடிச்சா ஆவாதுன்னு பொம்பளைங்க எல்லாம் அவள பின்னால தள்ளி மறைச்சிட்டாங்க. அவளுக்கு நிக்க ஆசதான். எட்டி எட்டிப் பாத்தா. எங்கம்மா ஒரு அதட்டு போட்டாங்க, அடங்கிட்டா."

"என்னாலதானா அத்த?"

"ஆமா, நீதான் வயித்துக்குள்ள இருந்து உத்தரவு போட்ட! பேச்சப் பாரு. இங்க, என் தோளப் பாரு."

பல் விழுந்த சிறுமியின் தோளில், பின்னாலிருந்து வந்த ஒரு கை. விரல்களும் இரண்டு வளையலும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் யாருடைய சேலைக்கோ பின்னால். இத்தனை நாளும் முகங்களையே துழாவிக்கொண்டிருந்த நான் இதைப் பார்க்கவே இல்லை.

"அவதான். நான் துள்ளிக்கிட்டே இருந்தேன்னு அமுக்கிப் புடிச்சிருந்தா."

கேட்கலாமா, கூடாதா என்று தயங்கிக் கடைசியில் கேட்டேன். "அந்தக் கை எப்படி இருந்துச்சு அத்த?"

"பால் வெட்டுற கை எப்படி இருக்கும்? சொரசொரன்னுதான் இருக்கும்." கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, என் தோளில் கையை வைத்து அழுத்தினார். "இப்படித்தான். 'ஆடாத'ன்னா."

அத்தையின் கை மெலிந்து சூடாக இருந்தது. அவர் அதை எடுத்துவிடக் கூடாதே என்று நான் அசையாமல் இருந்தேன்.