ரயிலேறும் நடிகன்

லண்டன் நோர்பரி வீட்டில் அம்மாவோடு தொலைக்காட்சியில் பழைய படமொன்று பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதோ செத்துப்போன அந்த அமெரிக்க நடிகனின் கரகரத்த குரல் கேட்டதும் கச்சான் கடலை வாசம் வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் இதே படம் ஓடியபோது, ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு அப்பாதான் தமிழில் சொன்னார். முன்வரிசைக்காரர்கள்கூடக் கச்சான் உடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் அவன் மனைவியை விட்டு ரயிலேறினான்.

"போயிட்டு வாறன் எண்டு சொல்லுறான்," என்றார் அப்பா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆமி அப்பாவை இராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போன காலையில் அவரும் அதையேதான் சொன்னார். அம்மா இன்னும் காத்திருக்கிறார்.

இப்போது எனக்கு ஆங்கிலம் விளங்குகிறது. ரயில் படியில் நின்று அவன், "இனி வரமாட்டேன், காத்திருக்காதே," என்கிறான்.

"என்ன சொல்லுறான், பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"போயிட்டு வாறனாம், அம்மா."