அருவிக் களைப்பு என்று நினைத்தேன்

போன குற்றால சீசனில் நடந்தது. எழுதவே கூசுகிறது.

மலிவாகக் கிடைத்த பழைய கார். சைலன்சர் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, டிராக்டர் மாதிரி இரைந்தது. இதற்கெல்லாம் ஒர்க்‌ஷாப் எதற்கு என்று நானே தகரம் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். சத்தம் குறைந்ததும் கோளாறும் தீர்ந்துவிட்டதாக நம்பினேன். காலடித் தகட்டிலும் ஓட்டைகள் இருந்தன. அவற்றின் மேல் கால்மிதியைப் போட்டேன்.

குற்றாலத்தில் குளித்து முடித்ததும் சாரல் வலுத்தது. குரங்குகளுக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, புழுங்குமே என்று என்ஜினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு, மனைவியையும் மகளையும் காரில் உட்கார வைத்தேன். சாப்பாடு வாங்கித் திரும்பியபோது இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அருவியில் குளித்தால் யாருக்கும் கண் சொக்கத்தானே செய்யும்? எழுப்ப மனமில்லாமல் கால் மணி நேரம் வெளியே நின்று டீ குடித்தேன்.

பார்க்கிங் சீட்டு கொடுப்பவர்தான் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, இது உறங்குத மாதிரி தெரியலயே. கதவத் தொறங்க!”

கதவைத் திறந்ததும் மகள் வாந்தி எடுத்தாள். மனைவி அசையவில்லை. தென்காசி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள்; மறுநாள்தான் அவள் கண் விழித்தாள். சைலன்சர் புகைதான் உள்ளே புகுந்திருக்கிறது என்றார் டாக்டர். அதிலுள்ள விஷவாயுவுக்கு வாடையே கிடையாதாம்.

குழாயையும் தகட்டையும் மாற்றிவிட்டேன். மாதந்தோறும் வண்டிக்கடியில் படுத்துப் பார்க்கிறேன். நிறுத்தினால் என்ஜினை அணைத்துவிடுகிறேன். காரில் யார் கண் அசந்தாலும் உலுக்கி எழுப்புகிறேன்.

“செத்த நேரம் உறங்க விடுங்களேன்” என்று மனைவி சலித்துக்கொள்கிறாள். அன்று குற்றாலம் போனதே அவளுக்கு இன்றுவரை நினைவில்லை.